யானைக்கு முன்னால் மாமா

கச்சிக்காவ்,
மே மாதம், சோளம் அறுத்த மறுவாரம்

அன்பு மகள் செதுன்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக இருக்கிறது. நீயும் டெக்லானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சுகமில்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை. அயர்லாந்தில் மழை விட்டதா என்று உன் அப்பா கேட்கச் சொன்னார், போன கடிதத்திலும் அதையேதான் கேட்டார், நீ பதில் எழுதவில்லை, அதனால் இன்னும் பெய்துகொண்டிருக்கிறது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "மா, சிக்னல் போகுது, கேக்கல மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் சிக்னல் போகாது. கடைசிப் பக்கம் வரை படி, நடுவில் வேலைக்கு நேரமாகிவிட்டால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே படி. சோளம் இந்த வருடம் பரவாயில்லை. தர்ப்பூசணியை மட்டும் யானைகள் தின்றுவிட்டன, ஒன்றுகூட மிச்சம் இல்லை, மிளகாயும் சாணமும் சேர்த்துப் பிசைந்து கட்டியாக்கி வேலியோரம் புகைத்துப் பார்த்தோம், அவை தும்மிக்கொண்டே தின்றன என்று உன் அப்பா சொல்கிறார். வெள்ளை ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு மா-திகெலெடி குளிர்பதனப் பெட்டி வாங்கிவிட்டாள், அதைத் திறந்து மூடும் சத்தம் எனக்குக் கேட்கும்படி திறந்து மூடுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் டெக்லானின் அப்பா ஃபின்டனும் அம்மா நோரீனும் வருகிறார்கள், நீங்களும் கூட வருகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அவர்கள் வாழ்நாளெல்லாம் ஆப்பிரிக்க மிருகங்களைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் என்றும், நான் வேலை பார்க்கும் விடுதியிலேயே நான்கு நாள் அறை எடுத்திருப்பதாகவும், ஆற்றைப் பார்த்த அறையாக நான் சொல்லி வாங்கித் தரவேண்டும் என்றும், ஒருநாள் சாயங்காலம் நானும் அப்பாவும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு விடுதிக்கு வந்து அவர்களோடு சாப்பிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அம்மா விடுதி நிர்வாகத்தில் இருக்கிறாள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள் என்றும் கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாய். சின்னதாக எழுதினால் சின்ன விஷயமாகிவிடாது. பத்தொன்பது வருடமாக நான் அங்கே படுக்கை விரிப்புகளை நிர்வகிக்கிறேன். துண்டுகளும் என் நிர்வாகத்தில்தான் வருகின்றன. குளிர்காலத்தில் விடியற்காலை மிருகம் பார்க்கப் போகிறவர்கள் வண்டியில் போர்த்திக்கொள்ளும் கம்பளிகளை நிர்வகிப்பது பெரிய பொறுப்பு, அதில் காப்பி கொட்டிவிடுவார்கள். இதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. எனக்கு அது கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் வலித்தது, மூன்றாம் நாள் நோரீனுக்குத் தரப்போகும் விரிப்பு எது என்று மனதிலேயே எடுத்து வைத்துவிட்டேன், கிழியாத நல்ல ஜோடி.

நீ மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பயணத் திட்டத்தை விடுதி அலுவலகப் பெண் அச்சடித்துக் கொடுத்தாள். அதை வீட்டுக்கு எடுத்து வந்ததுதான் நான் செய்த தப்பு. வந்த அன்றே என் அண்ணன், உன் மாமா மொதூசி, சர்க்கரை கேட்டு வந்தவர் மேசைமேல் காகிதத்தைப் பார்த்துவிட்டார். ஊர்மன்றத்தில் இருபத்தெட்டு வருடம் எழுத்தராக இருந்த மனிதர், காகிதத்தைக் கண்டால் விடுவாரா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்குத் தாளைப் படிப்பது மாதிரி முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார், சில இடங்களில் என் பேனாவை வாங்கி அடிக்கோடு போட்டார். செவ்வாய்க்கிழமை வருகை, நீர்யானைகளைப் பார்க்க ஆற்றில் படகுப் பயணம், மூன்று மணி நேரம். புதன்கிழமை விடியற்காலை சரணாலயத்துக்குள் வண்டிப் பயணம், சாயங்காலம் மறுபடியும் வண்டிப் பயணம். வியாழன் மாலை மூன்றரைக்கு உள்ளூர்க் கிராம வருகை, முக்கால் மணி நேரம். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மா-செதுன்யா, இந்த உள்ளூர்க் கிராமம் எது?" என்றார், கோபத்திலும் என்னைச் செதுன்யாவின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். நம்ம ஊர்தான் என்றேன். வியாழக்கிழமைதோறும் விடுதி வண்டி இங்கேதான் வருகிறது, மா-திகெலெடியின் கூரை வீட்டு முன்னால் நிறுத்தி எல்லோரும் இறங்கிப் படம் எடுப்பார்கள், நம் வீட்டைத் தாண்டித்தான் போவார்கள், நம் வீட்டை யாரும் படம் எடுப்பதில்லை, ஏனென்றால் நம் வீட்டுக்குத் தகரக் கூரை. அந்தத் தகரம் உன் முதல் சம்பளத்தில் போட்டது. ஆக நீ போட்ட திட்டப்படி உன் மாமனார் மாமியார் நம் வாசலைத் தாண்டி மா-திகெலெடி வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீ அதை யோசித்திருக்கமாட்டாய். கிராமம் என்று எழுதியிருந்தால் வேறு ஏதோ கிராமம் என்று நினைத்திருப்பாய், அங்கே போனவர்களுக்கு அப்படித்தான் தோன்றும் போல.

மாமா காகிதத்தை நாலாக மடித்தார். "நீர்யானைக்கு மூணு மணி நேரம், நமக்கு முக்கா மணி நேரம். நீர்யானை அவங்களுக்கு என்ன மாமன் முறையா? நம்ம புள்ளையக் கட்டிக்கப்போற வீட்டுக்காரங்க, பொண்ணு கேட்டு வரலையா, யானையப் பாக்க வந்துட்டு அப்படியே நம்மளையும் எட்டிப் பாத்துட்டுப் போறாங்களா?" என்றார். நான் சமாதானம் சொன்னேன், அவர்கள் ஊரில் பெண் கேட்கும் வழக்கம் இல்லை அண்ணா, பிள்ளையும் பெண்ணுமே பேசி முடித்துவிடுகிறார்கள் என்றேன். "அங்க வழக்கம் இல்லன்னா அங்க கேக்க வேணாம். இங்க வந்தா இங்க கேக்கணும். பொண்ணு இங்க பொறந்தவ" என்றார். உனக்கே தெரியும், மாமன் வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் இந்த ஊரில் எந்தப் பெண்ணும் கல்யாணம் ஆனவள் ஆகமாட்டாள், நீ அங்கே கால்வேயில் பத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் இங்கே நீ டெக்லானோடு தங்கியிருப்பவள்தான், நாளைக்குக் குழந்தை பிறந்தால் அதற்குப் பெயர் வைக்கவும் யாரும் வரமாட்டார்கள். இதெல்லாம் பழைய பேச்சு மா என்பாய். பழையதோ புதியதோ, எனக்கு இருக்கிறது ஒரே மகள், உன் கல்யாணத்தில் நான் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும், அந்த ஆசையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்.

மூன்று தடவை அவர் வீட்டுக்கு நடந்தேன், இந்த முழங்காலோடு. மூன்றாம் தடவைதான் நிபந்தனை சொன்னார். புதன்கிழமை சூரியன் கிளம்புமுன் அவர்கள் நம் வாசலில் வந்து நிற்க வேண்டும், முறைப்படி கேட்க வேண்டும், கேட்டால் அவர் வாய் திறப்பார். ஆனால் அதுவரைக்கும் இந்த நாட்டில் ஒரு மிருகத்தைக்கூட அவர்கள் பார்த்திருக்கக் கூடாது. "முதல்ல நாங்க, அப்புறம் யானை. ஒரு கினிக்கோழியப் பாத்துட்டு வந்தாக்கூட நான் வாயத் தொறக்கமாட்டேன். யானைய முதல்ல பாத்தா, போய் யானைகிட்டயே பொண்ணு கேக்கட்டும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாக்கில் வந்ததைச் சொல்கிறவர் இல்லை அவர், எழுத்தர், சொன்னது சொன்னதுதான்.

மகளே, எங்கெங்கிருந்தோ வருகிற ஜனங்களுக்கு மிருகங்களை எப்படிக் காட்டுவது என்று இந்தப் பக்கம் முழுக்க யோசிக்கிறது, நானும் உன் அப்பாவும் எப்படிக் காட்டாமல் இருப்பது என்று ஒரு மாதமாக யோசிக்கிறோம். கசானே விமான நிலையத்தில் இறங்கினால் நம் ஊருக்கு இருக்கிறது ஒரே ரோடு, அது சோபே சரணாலயத்துக்குள்ளேயே போகிறது. அந்த ரோட்டைச் சமன்படுத்தும் இயந்திரத்தை உன் அப்பா இருபத்தாறு வருடம் ஓட்டியவர், அவரைக் கேட்டேன், ஒரு மிருகமும் பார்க்காமல் இந்த ரோட்டைத் தாண்டிய நாள் உண்டா என்று. நெடுநேரம் யோசித்து "கண்ணுல தூசி விழுந்த அன்னிக்கு" என்றார். பகல் இரண்டு மணிக்கு முன்னால் யானைகள் உள்ளே மர நிழலில் நிற்கும், மூன்று மணிக்கு மேல் ஆற்றுக்கு இறங்க ரோட்டைத் தாண்டும், ஆகவே விமானம் இறங்கியதும் தேநீர் குடிக்கவிடாமல் கிளப்பிக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கணக்குச் சொன்னார். யானை அந்தக் கணக்குப்படி நடந்தால் நம் தர்ப்பூசணி ஏன் போகிறது என்று கேட்டேன், வெளியே போய்விட்டார். விடுதி வண்டி ஓட்டும் ஒலெபீலே, உன் அப்பாவின் தம்பி மகன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நமீபியா வழியாகச் சுற்றிக் கொண்டுவரலாம் என்றான். அங்கே யானைக்கு வேறு பெயரா வைத்திருக்கிறார்கள் என்றேன். சரி, ரோட்டை எப்படியோ தாண்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள், கசானேயிலேயே பெட்ரோல் பங்க்கில் காட்டுப்பன்றிகள் மண்டியிட்டுப் புல் மேய்கின்றன, கடைவாசலில் குரங்கு உட்கார்ந்திருக்கிறது, யாருடைய கண்ணை எத்தனை கையால் மறைப்பது.

பிறகுதான் எனக்கு நம் சலவை வண்டி நினைவுக்கு வந்தது. செவ்வாய்தோறும் அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு கசானேயில் உள்ள பெரிய சலவைக்கூடத்துக்குப் போய், வெளுத்ததை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பும் வெள்ளை வண்டி. பின்பக்கம் ஜன்னலே கிடையாது, தூசி படக்கூடாது என்று அடைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு பெஞ்சு உண்டு, பத்தொன்பது வருடமாக அதில்தான் போய் வருகிறேன், போகவும் வரவுமாகச் சரணாலயத்துக்கு நடுவே வாரத்துக்கு இரண்டு தடவை போகிறேன், ஒரு யானையைக்கூட அதிலிருந்து பார்த்ததில்லை, சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல வண்டி இந்த நாட்டில் கிடைக்காது. விமான நிலைய வாசலுக்கே அதைக் கொண்டுவர விடுதி மேலாளரிடம் கேட்டுவிட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன், சிரித்து முடித்து, சரி என்றார். ஆகவே உன் மாமனார் மாமியாரை வரவேற்க நான்தான் வருவேன், சலவைக்கூடத்துச் சீருடையில்தான் வருவேன், அன்றைக்கு எனக்கு வேலை நாள். வெளுத்து மடித்த விரிப்புகளுக்கு நடுவே அவர்கள் உட்கார்ந்து வருவார்கள், சோப்பு வாசனை நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் நான் எந்த நிர்வாகத்தில் இருக்கிறேன் என்று நீ அவர்களிடம் சொல்லிவிடு. நீ சொல்லாவிட்டால் வண்டி சொல்லிவிடும்.

அன்று அவர்கள் விடுதிக்குப் போகக் கூடாது, படகும் நீர்யானையும் காத்திருக்கட்டும். நம் வீட்டிலும் தங்கக் கூடாது, கேட்கும் முன்னால் பெண் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஒலெபீலேயின் அம்மா வீட்டில் தங்கட்டும். அவள் நம் பக்கத்து உறவு என்றாலும் டெக்லானுக்கு இந்த நாட்டில் ஒரு அத்தைகூட இல்லையே என்று பரிதாபப்பட்டு, மூன்று நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு அத்தையாக இருக்க ஒத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதே மாறிவிட்டாள், நேற்று என்னைப் பார்த்து "உங்க பொண்ணு சமைப்பாளா?" என்று கேட்கிறாள். அவர்களுக்காகப் பேசப்போவது ஒலெபீலே. புதன்கிழமை வெளிச்சம் வருமுன் கிளம்பி அந்த வீட்டிலிருந்து நம் வாசல் வரை நடந்து வர வேண்டும், பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி, கழுதைப் பட்டி வழியாக. ஃபின்டன் கோட்டுப் போட்டிருக்க வேண்டும். நோரீன் பாவாடை கட்டி, தலையில் துணி கட்டி, தோளில் கம்பளி போர்த்தியிருக்க வேண்டும், கம்பளி நான் தருகிறேன். வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். நாங்கள் அவர்களைப் பார்க்காதது மாதிரி இருப்போம், ஆடு அவிழ்ப்போம், முற்றம் பெருக்குவோம், அப்பா ரேடியோவைத் திருகுவார். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். இது அவமானம் இல்லை, மரியாதை என்று அவர்களுக்குச் சொல்லு. அவர்களாக முதலில் காலை வணக்கம் சொல்லக் கூடாது. நோரீனை நான் போனில் பார்த்திருக்கிறேன், நல்ல மனுஷி, ஆனால் வாய் ஓயாது, ஒரு மணி நேரம் சும்மா நிற்பாளா என்பதுதான் என் பெரிய கவலை, யானைகூட அடுத்ததுதான். பிறகு கூப்பிடுவோம், வந்ததும் பெண்கள் தரையில் பாயில் உட்கார வேண்டும், ஆண்களுக்கு நாற்காலி உண்டு, இதை நோரீனிடம் நீயே மெதுவாகச் சொல்லு. தண்ணீர் மொள்ள ஒரு சுரைக்குடுவை கேட்டு வந்திருக்கிறோம் என்று ஒலெபீலே சொல்வான், அந்தக் குடுவை நீதான், நம் குடுவை எங்கே என்று மாமா எங்களைப் பார்ப்பார், அதன்பிறகு எல்லாம் அவர் வாயில். டெக்லான் வரக் கூடாது, அவன் கசானேயிலேயே இருக்கட்டும், அவன் எத்தனை யானை வேண்டுமானாலும் பார்க்கலாம், அவனைப் பற்றி நிபந்தனை இல்லை. நீ வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும், சத்தம் காட்டாமல். ஜன்னல் திரையை விலக்காதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

ஒலெபீலே ஒரு யோசனை சொன்னான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "பெரியம்மா, அவங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? சுற்றுலாக்காரங்கள விடியக்காலம் எழுப்பிக் கம்பளியப் போத்தி எங்க நிறுத்தினாலும் நிப்பாங்க, எதுக்குன்னு கேக்கவே மாட்டாங்க. உங்க வாசல்ல நிறுத்துறேன், நான் பேசிடறேன், மாமா வாயத் தொறந்துடுவாரு, திரும்பக் கூட்டிட்டுப் போயிடறேன். அவங்களுக்கும் ஒரு அனுபவம்" என்றான். உண்மைதான், நிற்பார்கள், பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். ஒரு வாரம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, உனக்கும் சங்கடம் இல்லை பார். பிறகு விரிப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது நினைத்தேன், எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றவர்கள் என் மகளைக் கேட்டதாக எப்படி ஆகும். அவர்கள் தெரிந்து நிற்க வேண்டும், குளிரில் கால் கடுக்க, உனக்காக நிற்க வேண்டும். அதனால் நீதான் சொல்ல வேண்டும். பயப்படாதே. நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நம் வீட்டுக் கழிப்பறை பின்முற்றத்தில் இருக்கிறது என்று கூச்சப்படுகிறாயா? விடுதியில் வானம் பார்க்கக் குளிக்கும் அறைக்குத்தான் கூடுதல் காசு வாங்குகிறார்கள்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு அடுப்பில் கஞ்சியைப் பார்க்கப் போனேன், திரும்பி வந்தால் உன் மாமா இந்தப் பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியோடு. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்றேன். "என் நிபந்தனைய நீ ஒழுங்கா எழுதியிருக்கியான்னு சரிபாக்கணும்ல" என்றார். படித்து முடித்துத் தாள்களை வரிசையாக அடுக்கினார். பிறகு கினிக்கோழி என்ற வார்த்தையை அடிக்கச் சொன்னார். "கினிக்கோழி ரோட்டுல ஓடும், விமானத்துல இருந்து எறங்கும்போதே கண்ணுல படும், அது கணக்குல வேணாம்" என்றார். நான் மையால் எழுதியதை அடிக்கமாட்டேன், நீயே மனதில் அடித்துக்கொள். பெட்ரோல் பங்க் காட்டுப்பன்றி என்ன ஆவது என்று கேட்டேன். "அது ஊர்ப்பன்னி மாதிரிதான், விட்டுடு" என்றார். குரங்கு? "குரங்கப் பாத்தா பாவம் என்ன பண்ணுவாங்க." மான்? மானுக்குக் கொஞ்சம் யோசித்தார், பிறகு அதையும் விட்டுவிட்டார், கூட்டமாக நின்றால் மட்டும் பரவாயில்லையாம், ஒற்றை மானை நிறுத்தி நிதானமாகப் பார்க்கக் கூடாதாம். கிளம்பும்போது வாசலில் நின்று, அந்த ஃபின்டன் பால்மாடு வைத்திருக்கிறாராமே, அங்கே மழையிலே எங்கே கட்டுகிறார் என்று கேட்டார். கொட்டகை இருக்கும் என்றேன். தலையாட்டினார். அப்புறம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார், "புதன்கிழமை பேச்சு முடிஞ்சதும் அவங்கள விடுதி வண்டியில அனுப்பாத. சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போய் யானை காட்டுறேன். என் வயலுக்குப் பின்னாடி, தண்ணிக்குப் போற தடத்துல. இடது காது கிழிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், இன்னும் வர்றான். மத்தது எதைப் பாத்தாலும் பாக்கட்டும், அவன நான்தான் காட்டுவேன்." கம்பை ஊன்றிக்கொண்டு போய்விட்டார், அந்த நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு.

இந்தப் பக்கத்தை அவர் படிக்கமாட்டார், அவர் வீடு போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மகளே, ஒன்பது வருடமாக உன்னிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறோம். நீ கபரோனில் நர்சிங் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மாதம் மாமா கழுதை வண்டியிலிருந்து விழுந்து இடுப்போடு காலையும் முறித்துக்கொண்டார் என்று எழுதினேன் இல்லையா, அவர் கழுதை வண்டியில் ஏறவே இல்லை. அந்த வருடம் உன் படிப்புக்கு அவர் வயல் சோளத்தைத்தான் நம்பியிருந்தோம், உனக்கு அது தெரியும். அறுப்புக்கு முந்தின வாரம் சாயங்காலம் டப்பாக்கள் கட்டிய வேலிக்கு உள்ளே தனியாகக் காவல் இருந்தார். காது கிழிந்த ஆண் யானை வேலியைத் தாண்டி வந்திருக்கிறது. ஓடியிருக்கலாம், ஓடவில்லை, டப்பாவைத் தட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றிருக்கிறார். அது மிதிக்கவில்லை, தும்பிக்கையால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். உன் அப்பா போய்த் தூக்கி வந்தார். சோளம் பாதி தப்பித்தது. மறுநாள் எந்த அலுவலகத்திலிருந்தோ இரண்டு பேர் வந்தார்கள். மாமா முற்றத்தில் பாயில் கிடக்கிறார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இன்னும் வரவில்லை. வந்தவர்கள் நேரே வயலுக்குப் போய் யானையின் காலடித் தடத்தை நாடா வைத்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள், யானைக்குக் காயம் உண்டா, யாராவது சுட்டீர்களா என்று விசாரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள், திரும்பும்போதுதான் ஒருவர் பாயைப் பார்த்து "இவர்தான் வயல்காரரா?" என்று கேட்டார். மாமா அன்று அழவில்லை, வலியில்கூட அழவில்லை, வண்டியில் ஏற்றும்போது என்னிடம் மட்டும் சொன்னார், "அவன் காலை அளந்தாங்க மா-செதுன்யா, என் கால யாரும் பாக்கல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளகிட்ட சொல்லாத, பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்துடுவா, கழுதை வண்டின்னு சொல்லு" என்றார். நாங்கள் எல்லோரும் கழுதை வண்டி என்றோம். நீ லீவுக்கு வந்தபோதெல்லாம் "மாமா, கழுதைகூட உங்கள மதிக்கல பாத்தீங்களா" என்று கேலி செய்வாய், அவரும் உன்னோடு சேர்ந்து சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், முதலில் யாரைப் பார்ப்பது என்பதற்கு அவர் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று உனக்குத் தெரியவேண்டும். ஃபின்டனுக்கும் நோரீனுக்கும் இதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் சலவை வண்டியில் ஏற யோசிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வழியில் யானை நின்று வண்டி நின்றுவிட்டால் ஒலெபீலே சத்தம் போடாமல் காத்திருப்பான், நான் அவர்கள் பக்கத்தில் பெஞ்சில் இருப்பேன், கதவைத் திறந்து எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும். ஒரு ராத்திரி பொறுத்தால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பார்க்கலாம். ஜூலை இங்கே குளிர்காலம், மறந்துபோய் மெல்லிய துணி எடுத்து வராதீர்கள், கொசுக்காய்ச்சல் மாத்திரையை அங்கேயே ஆரம்பித்துவிடுங்கள், நோரீனுக்கு முழங்கால் எப்படி என்று கேட்டு எழுது, தரையில் உட்கார முடியாவிட்டால் இரண்டு கம்பளி மடித்துப் போடுகிறேன், மாமா பார்க்காதது மாதிரி இருப்பார்.

உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும், மழை உங்கள் கூரையிலும் எங்கள் வயலிலும் அளவாகப் பெய்யட்டும். அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார், ஒரே வார்த்தையில் சொன்னார், நானும் ஒரே வார்த்தையில் எழுதுகிறேன்: அன்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
விரிப்பு, துண்டு, கம்பளி நிர்வாகம்

மறக்காதே: நீ வந்து இறங்கியதும் வேறு எதையும் பேசும் முன் மாமாவிடம், கால் எப்படி இருக்கிறது என்று கேள். குனிந்து பார்த்துக் கேள். கழுதை வண்டிக் கதையை மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். கடைசி வரை கேட்டுக்கொள்.